சுவருக்குள் ஆடியவர் வீரர் இல்லையா?

கேள்வி: சென்ற இதழில் அமெரிக்க இன்டோர் சாக்கர் (சுவர் சூழ்ந்த உள்ளரங்கக் கால்பந்து) தடுப்பாட்டக்காரர் கெவின் குரோவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பந்தைச் சுவரில் அடித்து ஆடுவதெல்லாம் கால்பந்தா? வெளி மைதானத்தில் இடம் கிடைக்காதவர்கள்தானே அங்கே ஒதுங்குகிறார்கள்? அவரைப் போய் 'தொழில்முறை கால்பந்து வீரர்' என்று எழுதலாமா?
– வாசகர் ஒருவர், நாகர்கோவில்

பதில்: இடம் கிடைக்காதவர்கள் என்கிறீர்கள். எந்த இடம் என்று முதலில் சொல்லுங்கள்.

குரோ 1983-இல் சான் டியாகோ சாக்கர்ஸ் அணியில் சேர்ந்தபோது என்.ஏ.எஸ்.எல். என்ற வெளி மைதான லீக் இருந்தது. ஒரு காலத்தில் பெலேயும் பெக்கன்பவரும் ஆடிய லீக் அது. குரோவும் அதில் ஆடினார். 1984 சீசனோடு அந்த லீக் படுத்துவிட்டது. அதற்கப்புறம் வெளி மைதானத்தில் நாடு தழுவிய முதல்தர லீக் என்று ஒன்று வந்தது 1996-இல், எம்.எல்.எஸ். தொடங்கியபோதுதான். ஒரு கால்பந்துக்காரனின் மொத்த ஆட்ட வாழ்க்கையையும் விழுங்கிவிடக்கூடிய இடைவெளி அது. அந்த வருடங்களில் பந்தை உதைத்துச் சம்பளம் வாங்கி வீட்டு வாடகை கட்ட வேண்டும் என்றால், அமெரிக்காவில் பெரும்பாலும் கூரைக்கு அடியில்தான் ஆடியாக வேண்டும். எம்.ஐ.எஸ்.எல். என்ற இன்டோர் லீக் 1978 டிசம்பரில் தொடங்கி 1992 வரை நடந்தது. குரோ அங்கே ஒதுங்கவில்லை. கால்பந்து அப்போது அங்கேதான் குடியிருந்தது.

தரம் பற்றிச் சந்தேகமா? 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், 1988 சியோல், இரண்டு ஒலிம்பிக்கிலும் அமெரிக்க அணியில் அவர் பெயர் இருந்தது. சியோலில் அந்த அணி அர்ஜென்டினாவுடன் 1-1 என டிரா செய்தது. சோவியத் யூனியனிடம் 2-4 என்று தோற்றது. அந்த சோவியத் அணிதான் தங்கம் வாங்கியது. இடம் கிடைக்காத ஆளை இதற்கெல்லாம் கூட்டிப் போவார்களா?

சரி, சுவருக்கு வருவோம். நீங்கள் இதை ஃபுட்சால் என்ற இன்னொரு உள்ளரங்க ஆட்டத்தோடு குழப்பிக்கொண்டிருக்கலாம். ஃபுட்சாலில் சுவர் கிடையாது, பந்து கோட்டைத் தாண்டினால் வெளியே. இது வேறு ஆட்டம். ஐஸ் ஹாக்கி அரங்கம், ஏறக்குறைய 200 அடி நீளம், 85 அடி அகலம். பனித்தளத்தை மூடி அதன்மேல் செயற்கைப் புல் விரிப்பார்கள். சுற்றிலும் பலகைச் சுவர், அதற்கு மேலே கண்ணாடித் தடுப்பு. கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு ஆறு பேர். பதினைந்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு. ஆட்டம் நிற்காமலே ஆள் மாறிக்கொள்ளலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

இதில் தடுப்பாட்டக்காரனின் பாட்டை யோசித்துப் பாருங்கள். வெளி மைதானத்தில் எதிராளியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனால் பாதி ஆபத்து தீர்ந்தது, பந்து கோட்டைத் தாண்டினால் மூச்சு விடலாம். இங்கே அந்த வசதி இல்லை. எதிராளி பந்தை வேண்டுமென்றே சுவரில் அடித்து, உங்களுக்குப் பின்னால் போய் அவனே வாங்கிக்கொள்வான். கேரம் ஆடுபவர் காய் எந்தக் கோணத்தில் திரும்பும் என்று பார்ப்பதுபோல, பந்து பலகையைத் தொடுவதற்கு முன்பே தடுப்பாட்டக்காரன் அது வரப்போகும் இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். கேரத்தில் யோசிக்க நேரம் இருக்கிறது. இங்கே அரை வினாடி இருந்தால் பெரிது.

அப்புறம் பிளாக். எம்.ஐ.எஸ்.எல்.-இல் ஷாட்டைக் குறுக்கே விழுந்து மறிப்பதைத் தனிக் கணக்காகவே எழுதி வைத்தார்கள். ஸ்ட்ரைக்கர் காலை ஓங்கும்போதே தடுப்பாட்டக்காரன் பக்கவாட்டில் சரிந்து, தொடையையோ இடுப்பையோ பந்தின் பாதையில் வைக்கிறான். பத்துப் பதினைந்து அடி தூரத்திலிருந்து வரும் பந்து. கீழே மண் இல்லை, ஈரப்புல் இல்லை. பலகைமேல் விரித்த முரட்டுச் செயற்கைப் புல். ஒவ்வொரு சரிவுக்கும் முழங்கையிலும் தொடையிலும் தோல் உரியும். உரிந்த இடம் ஆறுவதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடும். 1987-88 சீசனில் அணிக்கு 56 ஆட்டங்கள், பிளே-ஆஃப் தனி. சக வீரன் ஃபவுல் செய்து தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்தால் இரண்டு நிமிடம் ஓர் ஆள் குறைவு. அந்த நேரத்தில் களத்துக்கு அனுப்பப்படுவதும் இவனைப் போன்றவன்தான்.

இந்த லீக்கிலிருந்து ஜனங்கள் ஞாபகம் வைத்திருப்பது கோல்களைக் குவித்த ஸ்டீவ் சுங்குலையும், கோல் போட்டதும் சட்டையைக் கழற்றிக் கூட்டத்தில் வீசும் டாட்டுவையும். அவர்கள் பெரிய ஆட்டக்காரர்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஷாட்டை மறித்ததற்காக யாரும் சட்டையை வீச முடியாது. எழுந்து ஓட வேண்டியதுதான். குரோவுக்குச் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பலமுறை கொடுத்தார்கள். 1982 முதல் 1992 வரை பதினொரு இன்டோர் சீசன்களில் சாக்கர்ஸ் பத்துப் பட்டம் வென்றது. தவறவிட்ட ஒன்று 1987-இல் டாட்டுவின் டல்லஸ் அணிக்குப் போனது. அந்தப் பட்டங்களில் பெரும்பாலானவற்றில் பின்வரிசையில் நின்றவர் குரோ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தொழிலில் நிம்மதி கிடையாது. 1988 கோடையில் மட்டும் சிகாகோ, க்ளீவ்லாந்து, மினசோட்டா, செயின்ட் லூயிஸ் என்று நான்கு ஊர் அணிகள் கடையை மூடின. சீசன் முடிந்து ஊருக்குப் போன வீரனுக்குத் திரும்பி வர அணி இல்லை. மிச்சமிருந்த லீக்கும் 1992 ஜூலையில் மூடப்பட்டது. எம்.எல்.எஸ். வர இன்னும் நான்கு வருடம் இருந்தது.

'தொழில்முறை கால்பந்து வீரர்' என்று யோசித்துத்தான் எழுதினேன். திருத்தம் போடப்போவதில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் கால்பந்துக்குப் பஞ்சமில்லை. இன்று மாலை மைதானத்துக்குப் போய், ஸ்டாப்பராக ஆடும் ஒரு பையனிடம் பத்தடி தூரத்திலிருந்து வரும் ஷாட்டுக்குக் குறுக்கே விழுவாயா என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.