பச்சைத் தொப்பியும் மரப்பெட்டியும்

அன்புள்ள ஐயா,

மெல்போர்னில் இருக்கிறேன். மார்ச் 17 அன்று அயர்லாந்துக்காரர்களின் செயின்ட் பாட்ரிக் தினக் கொண்டாட்டம் பார்த்தேன். பச்சைத் தொப்பி, பீர், கூச்சல். பக்கத்து வீட்டுப் பாட்டி தன்னை ஐரிஷ்காரி என்கிறார். ஐரிஷ் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. அவருடைய கொள்ளுப்பாட்டி அநாதைப் பெண்ணாகக் கப்பலில் வந்தவராம். மொழி போய், வெள்ளையரோடு வெள்ளையராகிவிட்ட பிறகு என்ன பண்பாடு மிச்சம்? இன்னொரு சந்தேகம்: நெட் கெல்லி வீரனா, கொள்ளைக்காரனா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆஸ்திரேலியக் கொள்ளைக்காரன் நெட் கெல்லியை முதலில் முடித்துவிடுகிறேன். அவன் அப்பா அயர்லாந்தின் டிப்பரரியிலிருந்து கைதியாகக் கொண்டுவரப்பட்டவர். 1880இல் அவனுக்குத் தூக்கு விதித்த நீதிபதி ரெட்மண்ட் பாரியும் அயர்லாந்தின் கார்க்கில் பிறந்தவர்தான். அதற்கு மேல் அந்த வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. தொப்பியும் பீரும் அப்படியே, விடுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிய ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அநாதைப் பெண்ணாகக் கப்பலில் வந்தவர். கொஞ்ச காலமாக அந்தப் பெண்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில வருடங்களில் பசியிலும் காய்ச்சலிலும் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். ஏழை விடுதிகள் நிரம்பி வழிந்தன. ஆஸ்திரேலியாவிலோ ஆண்கள் அதிகம். வீட்டு வேலைக்கும் கல்யாணத்துக்கும் பெண்கள் போதவில்லை. லண்டனில் காலனிகளுக்கான அமைச்சராக இருந்த எர்ல் கிரே இதையும் அதையும் சேர்த்து ஒரு திட்டம் போட்டார். 1848 முதல் 1850 வரை அந்த ஏழை விடுதிகளிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், பெரும்பாலும் 14 வயதிலிருந்து 20க்குள், சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் அடிலெய்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு மரப்பெட்டி. உள்ளே ஆறு உள்சட்டை, இரண்டு உள்பாவாடை, ஆறு ஜோடி காலுறை, இரண்டு ஜோடி ஷூ, இரண்டு கவுன். அவளுக்கென்று உலகத்தில் இருந்த சொத்து அவ்வளவுதான்.

வந்து இறங்கியதும் பத்திரிகைகள் வைதன. சமைக்கத் தெரியவில்லை, மாடு கறக்கத் தெரியவில்லை, ஒழுக்கம் போதாது என்று. அடுப்பில் ஏற்ற ஒன்றுமில்லாத வீட்டிலிருந்து வந்தவளுக்குச் சமையல் எப்படி வரும்? எதிர்ப்பு வலுத்து, இரண்டே வருடத்தில் திட்டம் நின்றது. நீங்கள் இப்போது அதே பெண்ணைக் கூப்பிட்டு, பேரப்பிள்ளைகளுக்கு ஏன் மொழி சொல்லித்தரவில்லை என்று கேட்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

பதினாறு வயதில், ஆங்கிலம் பேசும் எஜமானியின் சமையலறையில், யாரோடு அவள் ஐரிஷ் பேசியிருப்பாள்? ஊரிலேயே 1831 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம்தான். ஆஸ்திரேலியாவில் வாய்த்த கணவன் பல பேருக்கு ஐரிஷ்காரனும் இல்லை, கத்தோலிக்கனும் இல்லை. ஒரு மொழி பிழைத்திருக்க வீடு வேண்டும், தெரு வேண்டும், தப்பாகப் பேசினால் திட்டுவதற்கு ஒரு பாட்டி வேண்டும். அவளுக்கு மூன்றும் கிடையாது.

ஐரிஷ் சமூகம் என்றதும் 1854இல் பாலராட்டின் யுரேகா அரணில், தங்கம் தோண்டியவர்களின் கிளர்ச்சியில், ஒரு கையை இழந்த பீட்டர் லேலரைச் சொல்வார்கள், முதல் உலகப் போரில் கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்த மெல்போர்ன் கத்தோலிக்கப் பேராயர் மேனிக்ஸைச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் 1870களிலும் 80களிலும் காலனி அரசுகள் மதப் பள்ளிகளுக்குப் பணத்தை நிறுத்தியபோது கத்தோலிக்கப் பள்ளிகளைத் தாங்கியது சாதாரண வீடுகளின் சில்லறைக் காசு. வேலைக்காரிகளும் கூலிக்காரர்களும் கொடுத்த காசு. நீங்கள் தேடும் பண்பாடு அந்தச் சில்லறையில் இருக்கிறது. ஊர்வலத்தில் நின்றுகொண்டு தேடினால் கிடைக்காது.

சிட்னிக்கு வந்த பெண்களைத் தங்கவைத்த கட்டடம், ஹைட் பார்க் பாரக்ஸ், இன்னும் இருக்கிறது. அதன் சுற்றுச்சுவரில் 1999இல் ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். செய்தவர்கள் ஈரானில் பிறந்த ஹொசைன் வலமனேஷும் அவர் மனைவி ஆஞ்சலாவும். சுவரைத் துளைத்துக்கொண்டு போகிற ஒரு வெண்கல மேசை. ஒரு பக்கம் தட்டு, ஸ்பூன். மறுபக்கம் அடியில்லாத கிண்ணம். கண்ணாடியில் பெண்களின் பெயர்கள், போகப் போக மங்கலாக. நான் அங்கே நின்றபோது பெயர்களை வாய்விட்டுப் படித்தேன். மேரி, பிரிட்ஜெட், மறுபடி மேரி. கட்டடத்துக்குள் தரைப்பலகைக்கு அடியில் எலிகள் இழுத்துப்போய்ப் பதுக்கிய துணித்துண்டுகளும் ஜெபமாலை மணிகளும் பிற்பாடு கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்தபின் என்னால் நெடுநேரம் யாரிடமும் பேச முடியவில்லை.

வெள்ளையரோடு வெள்ளையரானார்கள் என்பது உண்மைதான். அவர்கள் பிழைத்த நிலம் பூர்வகுடிகளிடம் பறித்த நிலம். பசியோடு வந்தவர்கள் என்பதால் அது சரியாகிவிடாது. இங்கே ஒரு பத்தியில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை, தனியாக எழுதுகிறேன்.

நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். பாட்டியிடம் அந்தக் கொள்ளுப்பாட்டியின் பெயரையும் கப்பலின் பெயரையும் கேளுங்கள். இந்தப் பெண்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. பலருக்கு ஊர், வயது, பெற்றோர் பெயர்கூட உண்டு. கப்பல் பெயர் பாட்டிக்குத் தெரியாவிட்டால் நீங்களே உட்கார்ந்து தேடிக் கொடுங்கள். கிடைத்ததும் எனக்கும் எழுதுங்கள்.