ஓரத்தால் சுற்றி வருகிறவனை எப்படி மறிப்பது?

கேள்வி: நாங்கள் களுவாஞ்சிகுடியில் ஒன்றாகப் படித்த ஏழு பேர், இப்போது கொழும்பில் வேலை. லீவு கிடைத்தால் பெயின்ட்போல் (சாய உருண்டைகளைத் துவக்கால் சுட்டு, அடிபட்டவரை வெளியேற்றும் விளையாட்டு) விளையாடப் போவோம். முன்னால் நிற்பவர்களோடு சுட்டுக்கொண்டிருக்கும்போதே வலது பக்கத்தால் இரண்டு பேர் வந்து எங்களை முடித்துவிடுகிறார்கள். ஒருவரை அந்தப் பக்கம் காவலுக்கு நிறுத்தியும் சரிவரவில்லை. என்ன செய்யலாம்? உண்மையான போர்களில் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

பதில்: தம்பி, காவலுக்கு நிறுத்திய அந்த ஆள் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தார்? அநேகமாக அவரும் முன்னால் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்திருப்பார். சத்தம் கேட்கிற பக்கம்தானே கண் போகும்! எதிரணிக்கும் அதுதான் வேண்டும். முன்னால் நிற்கும் ஐந்து பேர் உங்களைத் தலை தூக்க விடாமல் வைத்திருந்தால் போதும், மிச்சத்தை ஓரத்தால் வருகிற இரண்டு பேர் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டே பேர் ஏழு பேரை எப்படி முடிக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் பீப்பாக்களுக்கும் மரங்களுக்கும் பின்னால் ஒரே வரிசையில் இருக்கிறீர்கள். அந்தப் பீப்பா முன்னாலிருந்து வருவதைத்தான் தடுக்கும். பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு முழு வரிசையும் ஒரே நேர்கோடு. முதல் ஆளுக்குத் தப்பிய குண்டு அடுத்த ஆள் மேல் விழும். திருப்பிச் சுடலாம் என்றால், வரிசையின் கடைசியில் இருப்பவர் மட்டுமே சுடலாம். மற்றவர்களுக்கு நடுவில் சொந்த ஆட்களே மறைப்பு. கடைசி ஆள் பக்கம் திரும்பினாலும் முன்னால் இருப்பவர்களுக்கு அவர் உடம்பு தெரியும். இங்கே துணிவு இருந்தும் பிரயோசனமில்லை.

ஆகவே சுடுவதற்கு முன்னால் எண்ணப் பழகுங்கள். எதிரணியில் ஏழு பேர். முன்னால் ஐந்து துவக்குதான் பேசுகிறது என்றால் மற்ற இரண்டும் எங்கே? தெரியாவிட்டால் அவர்கள் உங்கள் ஓரத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "அஞ்சு பேர்தான் தெரியுது" என்று ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

எண்ணாததைவிடப் பெரிய ஆபத்து, கண்டதைப் பிழையாக விளங்கிக்கொள்வது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 மே 2 அன்று, சான்சலர்ஸ்வில்லில் ஜாக்சன் என்ற தென்தரப்புத் தளபதி தன் படையைக் காட்டுப் பாதையால் ஏறக்குறைய 12 மைல் சுற்றிக் கூட்டிப்போனார். இரகசியமாக ஒன்றும் இல்லை, வடதரப்பினர் அந்த அணிவகுப்பைக் கண்ணால் கண்டார்கள். கண்டும், எதிரி பின்வாங்குகிறான் என்று நினைத்தார்கள். பின்னேரம் வலது ஓரத்தில் இருந்த சிப்பாய்கள் சமைத்துக்கொண்டிருந்தபோது காட்டுக்குள்ளிருந்து முதலில் மான்களும் முயல்களும் பாய்ந்து வந்தன. அவற்றின் பின்னால் ஜாக்சனின் ஆட்கள். இருட்டுவதற்குள் அந்தப் பக்கம் சிதறிப்போயிற்று. (உதாரணத்துக்கு ஏன் இவ்வளவு தூரம் போகிறேன் என்று கேட்பீர்கள். போர் என்ற சொல்லை விளையாட்டாக எடுக்க முடியாதவர்கள் நம் மட்டக்களப்பில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். இந்தப் பாடத்துக்குத் தூரத்துப் போர்களே போதும்.)

சரி, வருகிறான் என்று தெரிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. திரும்பினால் முன்னால் இருப்பவர்கள் எழுந்து வருவார்கள். வரிசையின் ஓரத்தில் இருக்கும் இரண்டு பேர் மட்டும் பின்னால் வந்து, வரிசையை 'ட' எழுத்துப்போல மடக்க வேண்டும். ஜாக்சனின் தாக்குதலுக்கு இரண்டு மாதம் கழித்து, அதே போரில், கெட்டிஸ்பர்க்கில் ஒரு சிறு குன்றின் மேல் சேம்பர்லெய்ன் என்ற வடதரப்பு அதிகாரி தன் மெய்ன் மாநிலப் படைப்பிரிவின் இடது பாதியை இப்படித்தான் பின்னால் மடக்கினார். ஓரத்தால் வந்தவர்கள் வரிசையின் முனை கிடைக்கும் என்று வந்தார்கள், இன்னொரு முன்பக்கத்தில் போய் முட்டிக்கொண்டார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது சீசர் செய்த வேலை. கி.மு. 48இல் கிரேக்கத்தின் ஃபார்சாலஸில், சீசரை எதிர்த்து நின்ற ரோமத் தளபதி பொம்பேயிடம் குதிரைப்படை மிக அதிகம். ஒரு பக்கம் ஆறு இருந்ததால் குதிரைகள் மற்றப் பக்கத்தால்தான் வர முடியும் என்று சீசர் கணக்குப் போட்டார். மூன்றாம் வரிசையிலிருந்து ஆட்களை எடுத்து அந்த ஓரத்தில் நாலாவது வரிசையாக நிறுத்தி, தான் சொல்லும்வரை அசையக் கூடாது என்றார். சுற்றி வந்த குதிரைப்படை அந்த ஈட்டிகளைக் கண்டு திரும்பி ஓடியது. பிறகு சுற்றி வளைக்கப்பட்டது பொம்பேயின் படைதான்.

உங்களுக்கு அதில் இரண்டு வேலை இருக்கிறது. ஆற்றைப்போல ஒரு பக்கத்தை நிலமே காக்கட்டும். மைதானத்தின் எல்லை நாடாவோ, சுவரோ, பெரிய வெட்டையோ ஒரு ஓரத்தில் வருகிறமாதிரி நில்லுங்கள். அப்புறம், ஒருவரைச் சுடாமல் வைத்திருங்கள். கிளித்தட்டில் மற்றவர்கள் தத்தம் கோட்டிலேயே நிற்க, கிளி மட்டும் நடுக்கோட்டிலும் ஓரத்திலும் ஓடித் திரிவதுபோல, அவர் வரிசைக்குப் பின்னால் இருந்து எண்ணிக்கொண்டும் சொல்லிக்கொண்டும் இருக்க வேண்டும். நல்ல குறிக்காரனை விட, பதறாமல் சத்தமாகப் பேசக்கூடியவரை இதற்குப் போடுங்கள். அடிபட்டு வெளியே போகிறவர் வாய் திறக்கக் கூடாது என்பது பெரும்பாலான மைதானங்களின் விதி. அதனால் "வலப்பக்கம், ரெண்டு பேர், பெரிய மரத்துக்குப் பின்னால" என்று கண்டவுடனேயே சொல்லிவிட வேண்டும்.

அவர் எங்கே பார்க்க வேண்டும் என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 17 மில்லிமீற்றர் அளவான அந்த உருண்டை, சின்னக் கிளையில் பட்டாலே உடைந்துவிடும். பற்றைக்குள்ளால் வருகிறவனுக்கு மறைப்பு உண்டு, ஆனால் அங்கிருந்து சுட முடியாது. உங்களை அடிக்க அவன் எப்படியும் ஓர் இடைவெளிக்கு வந்தாக வேண்டும். பற்றையைச் சல்லடை போடாமல், அந்த இடைவெளியிலேயே குறியை வைத்துக் காத்திருங்கள்.

இன்னொரு வழி, எதிரி ஆட்களை ஓரத்துக்கு அனுப்பியதால் மெலிந்துபோன நடுவில் பாய்வது. செய்தால் நாலு பேர் ஒன்றாகப் பாய வேண்டும். தனியே உள்ளே போனவரின் கதி என்ன ஆகும் என்பதை வடமோடிக் கூத்தில் அபிமன்யுவைப் பார்த்த நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஊருக்கு வரும்போது கடற்கரைச் சவுக்கு மரங்களுக்குள் பழகிப் பாருங்கள். ஐந்து பேர் மறிக்க, இரண்டு பேர் சுற்றி வரட்டும். கையில் துவக்குமாதிரி எதுவும் வேண்டாம், ரப்பர் பந்து போதும். இராணுவ உடுப்பைப்போலப் பச்சைப் புள்ளி போட்ட உடுப்பும் வேண்டாம். நம் நாட்டில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி பிழை.

நீங்களே ஓரத்தால் ஆள் அனுப்பப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். ஜாக்சன் அன்று இரவே, இருட்டில் திரும்பி வரும்போது சொந்த ஆட்களால் சுடப்பட்டு, எட்டு நாளில் இறந்துபோனார். சுற்றிப் போகிற இரண்டு பேரும் எந்தப் பக்கத்தால் வெளியே வருவார்கள், வரும்போது என்ன சொல்லிக் கத்துவார்கள் என்பதை விசில் ஊதுவதற்கு முன்பே ஏழு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.