அவுட்பாக்ஸைத் திறந்து பார்க்காதீர்கள்

மெயில் தொடர்பாக வந்த கேள்விகளில் ஆறை இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஆறு பேரில் நான்கு பேர் "வைரஸாக இருக்குமோ?" என்று முடித்திருந்தார்கள். எதிலும் வைரஸ் இல்லை.

கேள்வி: ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஒரே ஒரு கிளையன்ட் அனுப்பும் மெயிலில் மட்டும் பிடிஎஃப் பில்லுக்குப் பதிலாக 'வின்மெயில்.டேட்' என்று ஒரு ஃபைல் வருகிறது. மற்றவர்களுக்கெல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது என்று அவர் சாதிக்கிறார்.

பதில்: கோளாறு அவர் பக்கம்தான். ஆனால் அவர் கண்ணுக்கு அது தெரியாது. மைக்ரோசாஃப்ட்டின் பழைய மெயில் செயலியான கிளாசிக் அவுட்லுக்கில் 'ரிச் டெக்ஸ்ட்' வடிவில் மெயில் அனுப்பினால், எழுத்து அலங்காரம், இணைத்த ஃபைல் எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட்டுக்கே உரிய முறையில் ஒரு பொட்டலமாகக் கட்டிவிடும். அதன் பெயர்தான் வின்மெயில்.டேட். பெறுபவரும் அவுட்லுக் வைத்திருந்தால் பிரித்துக் காட்டும், இல்லாவிட்டால் பொட்டலம் பொட்டலமாகவே வந்து சேரும். உங்கள் பில் அதற்குள் பத்திரமாக இருக்கிறது.

ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று அவரைப் போகச் சொல்லுங்கள். ரிச் டெக்ஸ்ட் மெயில் வெளியாட்களுக்குப் போகும்போது எச்டிஎம்எல்லாக (பொதுவாக எல்லா மெயில் செயலிகளும் படிக்கும் வடிவம்) மாற்று என்று ஒரு தேர்வு இருக்கும். அதை வைத்த பிறகும் உங்களுக்கு மட்டும் பொட்டலம் வந்தால், அவருடைய கான்டாக்ட்ஸில் உங்கள் முகவரிக்கென்று தனியாக ரிச் டெக்ஸ்ட் குறிக்கப்பட்டிருக்கலாம். பலரும் கோட்டை விடும் இடம் இது. உங்கள் முகவரியை அங்கே அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் சரியாகிவிடும்.

கேள்வி: எங்கள் மேனேஜர் மெயிலில் அங்கங்கே 'ஜே' என்ற ஆங்கில எழுத்து தனியாக நிற்கிறது. "நன்றி ஜே" என்கிறார். என்ன அர்த்தம்?

பதில்: உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். அவர் முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் தட்டியவுடன், அவுட்லுக் அதை, எழுத்துக்குப் பதில் குட்டிப் படங்கள் கொண்ட விங்டிங்ஸ் ஃபான்ட்டில் உள்ள சிரித்த முகமாக மாற்றிவிடுகிறது. அந்த ஃபான்ட்டில் 'ஜே' இருக்கும் இடத்தில்தான் அந்த முகம் இருக்கிறது. உங்கள் பக்கம் அந்த ஃபான்ட் இல்லாததால் எழுத்து மட்டும் மிஞ்சுகிறது. 'எல்' என்று வந்தால்தான் யோசிக்க வேண்டும், அது சோகமான முகம்.

கேள்வி: செண்ட் அழுத்திய மெயில் அவுட்பாக்ஸிலேயே கிடக்கிறது. நெட் இருக்கிறது, புதிய மெயில்கள் போகின்றன. அந்த ஒன்று மட்டும் போகவில்லை.

பதில்: போய்விட்டதா என்று நடுவில் திறந்து பார்த்திருப்பீர்களே? அதுதான் காரணமாக இருக்கும். கிளாசிக் அவுட்லுக்கில் அனுப்பக் காத்திருக்கும் மெயிலின் தலைப்பு சாய்வெழுத்தில் இருக்கும். அதைத் திறந்து, எதையும் தொடாமல் மூடினாலும், "இவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று எடுத்துக்கொண்டு வரிசையிலிருந்து இறக்கிவிடும். சாய்வெழுத்து நேரெழுத்தாகிவிடும். அப்புறம் எத்தனை நாள் காத்திருந்தாலும் போகாது. எந்த எச்சரிக்கையும் வராது என்பதுதான் எனக்கு இதில் எரிச்சல். மீண்டும் திறந்து செண்ட் அழுத்துங்கள், பிறகு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: ஆபீஸ் சர்வர் 25 எம்பி வரை ஏற்கும் என்கிறார்கள். 20 எம்பி ஃபைலே திரும்பி வருகிறதே?

பதில்: மெயில் பிறந்த காலத்தில் அதில் வெறும் ஆங்கில எழுத்துதான் போகும் என்று வைத்துக் கட்டினார்கள். படம், பிடிஎஃப் எல்லாம் 1992இல் மைம் என்ற ஏற்பாடு வந்த பிறகு, எழுத்து வேடம் போட்டுக்கொண்டுதான் பயணம் செய்கின்றன. மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது, ஓர் எழுத்துக்கு ஒரு பைட். 20 எம்பியை நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்தால் 26 தாண்டிவிடும். வரிமுறிப்புகளுக்கும் கொஞ்சம் சேர்த்தால் 18 எம்பிதான் உங்கள் நிஜ எல்லை.

கேள்வி: தண்டர்பேர்ட் மெயில் செயலியில் ஆயிரக்கணக்கான மெயில்களை அழித்தேன், குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். டிஸ்கில் ஒரு எம்பிகூடக் குறையவில்லை.

பதில்: தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரில் உள்ள மெயில்கள் அத்தனையையும் ஒரே நீளமான ஃபைலில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைக்கும். நீங்கள் அழிப்பது, நோட்டில் ஒரு வரியைப் பென்சிலால் அடிப்பது மாதிரி. வரி அங்கேயே இருக்கும், கண்ணில் மட்டும் படாது. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து 'காம்பாக்ட்' கொடுத்தால்தான், அடிக்காத வரிகளை மட்டும் புது நோட்டில் எழுதிக்கொண்டு பழையதைத் தூக்கிப் போடும். செய்வதற்கு முன் டிஸ்கில் கொஞ்சம் இடம் இருக்கட்டும், சற்று நேரத்துக்கு இரண்டு நோட்டும் இருக்கும் அல்லவா?

இதில் ஒரு நன்மையும் உண்டு. தவறுதலாக அழித்த மெயில், காம்பாக்ட் ஆகும்வரை அந்த ஃபைலுக்குள் இருக்கும். நோட்பேடில் திறந்தால் பல மெயில்களை வாசிக்கவே முடியும். பழைய லேப்டாப்பை விற்பவர்கள் இதையே மறுபக்கமிருந்தும் யோசித்துக்கொள்ளலாம்.

கேள்வி: அப்பா 2001இல் பாரிஸிலிருந்து தமிழில் எழுதிய மெயில்கள் இப்போது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. மீட்க முடியுமா?

பதில்: முடியும். எழுத்து எதுவும் அழியவில்லை. ஒரு மெயிலைத் திறந்து, 'தமிழ்' என்று வரவேண்டிய இடத்தைத் தேடுங்கள். அங்கே ஜே, கே, பி, ஓ என்ற சின்ன எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும் இருக்கிறதா? அப்படியானால் அது பாமினி. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறை பரவுவதற்கு முன் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் பயன்படுத்திய ஃபான்ட். கணினியைப் பொறுத்தவரை அப்பா தட்டியது ஆங்கிலம்தான், ஃபான்ட்தான் அதற்குத் தமிழ் முகம் கொடுத்தது. ஃபான்ட் போனதும் முகமும் போய்விட்டது. மெயிலின் வரிகளை நகலெடுத்து, பாமினி-யூனிகோட் மாற்றி ஒன்றில் ஒட்டினால் தமிழ் திரும்பிவிடும்.

தலையில் கோடு போட்ட 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறியும் திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு விஷயம். அது யூனிகோட் தமிழேதான். எழுத்தும், அதோடு வரும் புள்ளி, கொம்பு போன்ற குறியும் ஒவ்வொன்றும் மூன்று பைட். அதை மூன்று தனிக் குறிகளாகத் தப்பாக வாசிக்கிறது செயலி. தண்டர்பேர்டில் வியூ மெனுவில் டெக்ஸ்ட் என்கோடிங்கைச் சரிசெய்யும் வரி இருக்கிறது, பெரும்பாலும் ஒரே கிளிக்கில் சரியாகும்.

பாமினியை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். அப்பா நடுவில் ஆங்கிலத்திலேயே எழுதிய தெருப்பெயர், ஆள்பெயர் எல்லாவற்றையும் அந்த மாற்றிச் செயலி தமிழென்று நினைத்துக் குதறி வைக்கும். அவற்றை மூலத்தைப் பார்த்துக் கையால் திருத்த வேண்டும். ஆகவே மூல மெயில்களை அழிக்க வேண்டாம்.