"நான்தான் மந்தமாகிவிட்டேனா, அக்கா?"

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. சென்னையில் ஒரு கூரியர் ஹப்பில் பார்சல் டெலிவரி செய்கிறேன். இரண்டு வருடமாக மயிலாப்பூர் ரூட். காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் 85 பார்சலை மூன்றரைக்குள் முடித்துவிடுவேன். திருவல்லிக்கேணி ரூட் பார்த்த அண்ணன் காலில் அடிபட்டு லீவில் இருப்பதால், போன மாதம் டிஎல் (டீம் லீடர்) என்னை அங்கே மாற்றிவிட்டார். முதல் நாளே 110 பார்சல். ராத்திரி எட்டரை வரை சுற்றியும் 69தான் கொடுக்க முடிந்தது, 41 திரும்பி வந்தது. அன்றிலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் என் பெயருக்கு நேரே சிவப்பு வட்டம். "மயிலாப்பூருக்குப் பக்கத்துல இருக்கற திருவல்லிக்கேணி என்ன வெளிநாடா? வேற ஆளைப் பார்க்கவா?" என்கிறார். கொடுக்க முடியாத பார்சலுக்கெல்லாம் 'கஸ்டமர் இல்லை' என்று அப்டேட் போடச் சொல்கிறார். ஒருநாள் கேஷ் கணக்கில் 640 ரூபாய் குறைந்தது, சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். போன வாரம் அவசரத்தில் ஒரு சந்தில் வண்டியோடு விழுந்து கையில் சிராய்ப்பு. வீட்டில் சொல்லவில்லை. வேலையை விட்டுவிடவா, சண்டை போடவா? இல்லை, நான்தான் மந்தமாகிவிட்டேனா?
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. அதற்கான கணக்கு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

மயிலாப்பூரில் ஆறு மணி நேரத்தில் 85 பார்சல். அதாவது ஒன்றுக்கு நான்கு நிமிடம் சொச்சம். திருவல்லிக்கேணியில் ஒன்பதரையிலிருந்து எட்டரை வரை 11 மணி நேரம். சாப்பாட்டுக்கு அரை மணி கழித்தால் 630 நிமிடம், 69 பார்சல். ஒன்றுக்கு ஒன்பது நிமிடம். அதே கையும் அதே வண்டியும்தான், இடம் மட்டும் புதுசு. இந்த வேகத்தில் 110 பார்சலையும் கொடுத்து முடிக்க 990 நிமிடம், பதினாறரை மணி நேரம் ஆகும். காலை ஒன்பதரைக்குக் கிளம்பியவர் ராத்திரி இரண்டு மணிக்குக் கடைசிக் கதவைத் தட்ட வேண்டும். அந்த நேரத்தில் கஸ்டமர் கதவைத் திறக்க மாட்டார், போலீஸைத்தான் கூப்பிடுவார். சிவப்பு வட்டம் போட்ட டிஎல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

அந்த ஐந்து நிமிட வித்தியாசம் எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மயிலாப்பூரில் எந்த அபார்ட்மென்டில் வாட்ச்மேன் பார்சலை வாங்கி வைப்பார், எந்த மாமி மதியம் இரண்டு மணிக்குத் தூங்கிவிடுவார், எந்தத் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு நாலு வீட்டை நடந்தே முடிக்கலாம் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. எந்த ஆப்பிலும் இல்லை. கம்பெனி அதற்குத் தனியாகக் காசு கொடுத்ததும் இல்லை. அதனால்தான் அப்படி ஒன்று இருப்பதே அவர்கள் கண்ணில் படவில்லை.

டிஎல் பார்வையில் மயிலாப்பூர் 600004, திருவல்லிக்கேணி 600005. அடுத்தடுத்த நம்பர்தானே என்று தோன்றும். ஆனால் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த பின்கோடு, தபாலை எந்த அஞ்சலகத்துக்கு அனுப்புவது என்று பிரிப்பதற்காக வந்தது. அஞ்சலகத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்குமான சங்கதி தபால்காரர் தலைக்குள்தான் இருந்தது.

என் சித்தப்பா தபால்காரர். அங்கே ரூட்டுக்கு 'பீட்' என்று பெயர். ஒருவர் லீவு போட்டால் அந்த பீட்டைப் பார்ப்பதற்கென்றே லீவ் ரிசர்வ் ஆட்கள் உண்டு. அவர்களும் இல்லாத நாளில் பக்கத்து பீட்காரர்கள் பிரித்துக்கொள்வார்கள். புது பீட் எப்போது கைக்கு வந்தது என்பதற்குச் சித்தப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார்: தெரு நாய் குரைப்பதை நிறுத்த வேண்டும். அதற்கு ஒரு மாதம் ஆகும் என்பார். உங்களுக்கு ஒருநாள்கூடக் கொடுக்கவில்லை.

திருவல்லிக்கேணியும் லேசுப்பட்ட ஏரியா இல்லை. என் தம்பி அங்கே ஒரு மேன்ஷனில், அதாவது வேலைக்குப் போகும் பையன்கள் அறை எடுத்துத் தங்கும் விடுதியில், மூன்று வருடம் இருந்தான், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். ஒரே ரோட்டுக்கு இரண்டு பெயர். ஒருவர் பைகிராப்ட்ஸ் ரோடு என்று எழுதுவார், அடுத்தவர் பாரதி சாலை என்பார். டிரிப்ளிகேன் ஹை ரோடுதான் காயிதே மில்லத் சாலை. வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. கஸ்டமர் எதை எழுதினார் என்பது அவருக்கே ஞாபகம் இருக்காது. மேன்ஷன் பையன்கள் பகல் முழுக்க வேலைக்குப் போயிருப்பார்கள், காலை பத்து மணிக்கு முன்னாலும் இரவு ஏழுக்குப் பின்னாலும்தான் ஆள் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மதியம் வாலாஜா பெரிய பள்ளிவாசல் பக்கம் வண்டி நகராது. சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் வாலாஜா ரோடு பக்கம் போவதே வீண். அஞ்சல் துறை 2025இல் டிஜிபின் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறது. நாட்டையே நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆள் இரண்டாவது மாடியா, நான்காவது மாடியா, இல்லை கீழே டீக்கடையில் நிற்கிறாரா என்று அந்தக் கட்டம் சொல்லாது.

சொல்லக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். காலில் அடிபட்டு வீட்டில் இருக்கும் அந்த அண்ணன். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன், அவருக்கு ஃபோன் செய்ததாக ஒரு வரி இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், இது உங்கள் பக்கத்துத் தவறு. வரும் ஞாயிற்றுக்கிழமை நாலு பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். கடந்த வாரம் திரும்பிய பார்சல்களின் முகவரிகளை எடுத்துப் போய், ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எந்த வரிசையில் போவார், வண்டியை எங்கே நிறுத்துவார், மேன்ஷனில் யாரிடம் கேட்பார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படுத்துக் கிடக்கும் மனிதருக்கும் தன் ஏரியாவைப் பற்றி ஒருவர் வந்து கேட்பது பிடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் பார்சலுக்கு இரண்டு நிமிடமாவது மிச்சமாகும்.

இன்னொன்று. இப்போது உங்கள் மயிலாப்பூர் ரூட்டை யார் ஓட்டுகிறார்? அந்தப் பையனும் கபாலி கோயில் மாட வீதியில் முழித்துக்கொண்டு நிற்கிறானோ என்னவோ. அவன் பெயருக்கு நேரேயும் சிவப்பு வட்டம் இருக்கிறதா என்று குரூப்பில் பாருங்கள். இருந்தால் உங்களுக்குத் தெரிந்ததை அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அப்புறம் டிஎல்லைப் பார்க்க இரண்டு பேருமாகப் போங்கள். ஒருவர் போய்ச் சொன்னால் சாக்கு என்பார். ரூட் மாறிய இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நம்பர் விழுந்திருக்கிறது என்றால், காரணம் ஆளிடம் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

சண்டை வேண்டாம். குரூப்பில் பதில் போடவே வேண்டாம். அங்கே நாற்பது பேர் பார்க்கும்போது எந்த டிஎல்லும் இறங்கிவர மாட்டார். காலையில் லோடு பிரிக்கும் முன்பு தனியாகப் பிடித்து இப்படிப் பேசிப் பாருங்கள்: "அண்ணா, நான் இந்த ரூட் பார்க்க மாட்டேன்னு சொல்லலை. எனக்கு இங்கே ஒரு பார்சலுக்கு ஒன்பது நிமிஷம் ஆகுது, 110 போட்டா நாற்பது திரும்பத்தான் செய்யும். ஒரு வாரம் 60 போடுங்க, முடிச்சுக் காட்டறேன். அடுத்த வாரம் 75 ஆக்கலாம். மிச்சத்தைப் பக்கத்து ரூட்காரங்க ரெண்டு பேருக்குப் பிரிச்சுடுங்க." அறுபதுக்கு ஒன்பது மணி நேரம் ஆகும், அதுவே குறைவான வேலை இல்லை. இதில் டிஎல்லுக்கும் லாபம் உண்டு. அவர் தலைக்கு மேலே ஒரு மேனேஜர் உட்கார்ந்துகொண்டு சதவீதம் கேட்கிறார். 110க்கு 69 என்றால் 63 சதவீதம். 60க்கு 57 கொடுத்தால் 95 சதவீதம். மேலே சொல்ல அவருக்கும் ஒரு நல்ல நம்பர் வேண்டுமே.

ஒத்துக்கொள்வாரா? நிச்சயமில்லை. பேசியதை அன்றே அவருக்குத் தனி மெசேஜாக மரியாதையாக எழுதிவையுங்கள். "அண்ணா, காலையில் பேசியபடி இந்த வாரம் லோடு கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்" என்று ஒரு வரி போதும்.

'கஸ்டமர் இல்லை' என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். போகாத வீட்டுக்குப் போனதாகப் போடாதீர்கள். காலை முதல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் புகார் செய்தால், அப்டேட் போட்ட நேரத்தில் உங்கள் ஃபோன் எங்கே இருந்தது, நீங்கள் அவருக்குக் கால் செய்தீர்களா என்று எடுத்துப் பார்த்துவிடுவார்கள். பிளாக் ஆவது உங்கள் ஐடி. வாய்வார்த்தையாகச் சொன்ன டிஎல், "நான் எப்ப சொன்னேன்?" என்பார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் "சரி அண்ணா, இதை மெசேஜா போட்டுடுங்க, அதுபடி செய்யறேன்" என்று சாதுவாகக் கேளுங்கள். போட மாட்டார். நேரம் போதவில்லை என்றால் ஆப்பில் அதற்கு என்ன காரணம் இருக்கிறதோ அதைப் போடுங்கள், இல்லையென்றால் போடாமலே திருப்பிக் கொண்டுவாருங்கள். சிவப்பு வட்டம் விழட்டும். ஐடி போவதைவிட அது மேல்.

640 ரூபாய். சின்னத் தொகையாகத் தெரியலாம், விட்டால் மாதாமாதம் தொடரும். உங்களுக்கு மாதச் சம்பளமா, பார்சலுக்கு இவ்வளவு என்ற கணக்கா என்று நீங்கள் எழுதவில்லை. சம்பளச் சீட்டில் பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் நீங்கள் தொழிலாளி. நீங்கள் கணக்கு ஒப்படைக்க வேண்டிய பணம் குறைந்தால்கூட, உங்களை விளக்கம் கேட்காமல் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 1936ஆம் வருடத்து ஊதியப் பட்டுவாடாச் சட்டம் இதைத்தான் சொன்னது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் இதையேதான் சொல்கிறது. அந்த நாளின் ரன்ஷீட்டையும் (அன்று கொண்டுபோன பார்சல்களின் பட்டியல்) கேஷ் கணக்கையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சில சமயம் யூபிஐயில் வந்த பணத்தைக் கேஷாக எழுதிவிட்ட குழப்பமாகக்கூட இருக்கும்.

விழுந்ததை ஹப்பில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நாள், நேரம், இடம், கையில் இருந்த பார்சல் எண்கள், ஒரு ஃபோட்டோ. ஈஎஸ்ஐ இருந்தால் இது வேலைக் காயம். அப்படி விழுந்து குறைந்தது மூன்று நாள் வேலைக்குப் போக முடியாமல் போனால், சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் அங்கிருந்து கிடைக்கும். ஈஎஸ்ஐ இல்லாமல் ஆப் மூலம் பார்சல் கணக்கில் ஓடுகிறவர் என்றால், தமிழ்நாடு அரசு 2023இல் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்காக அமைத்த நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். ஆதாரும் வங்கிப் புத்தகமும் கையில் இருக்கட்டும். மழைக்காலம் வருவதற்குள் முடித்துவிடுவது நல்லது.

வேலையை விடுவதைப் பற்றி இப்போது முடிவு செய்யாதீர்கள். பேசிப் பார்த்து இரண்டு வாரம் ஆன பிறகும் அதே 110, அதே பொய் அப்டேட் என்றால், வேறு ஹப்பில் கேட்கத் தொடங்குங்கள். மயிலாப்பூரை இரண்டு வருடம் ஓட்டியவரை அந்த ஏரியா பார்க்கும் எந்தக் கம்பெனியும் வேண்டாம் என்று சொல்லாது. ஆனால் சந்தில் விழுந்த வாரத்தில், கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கணக்கு முடித்துப் பணம் வாங்க அதே டிஎல்லின் பின்னால்தான் அலைய வேண்டியிருக்கும்.

கை சிராய்ப்பை வீட்டில் சொல்லவில்லை என்கிறீர்கள். ஒரு வாரமாக இடது கையால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்குகிறவரை வீட்டில் யாருமா பார்க்காமல் இருப்பார்கள்? நீங்களாகச் சொல்வதற்காகக் காத்திருக்கிறார்கள். இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ரோட்டில் விழுந்த காயம், டிடி ஊசி போட்டீர்களா? இல்லையென்றால் நாளை லோடு எடுப்பதற்கு முன்னால் போட்டுக்கொண்டு போங்கள்.