முறைப்பாட்டில் இனத்தைக் குறிப்பிடலாமா?

சகோதரிக்கு வணக்கம். ஹட்டனிலுள்ள அரச அலுவலகக் கூட்டத்தில் ஆண் உத்தியோகத்தர்களை விட்டுவிட்டு உங்களை மட்டும் தேநீர் ஊற்றச் சொன்ன மேலதிகாரி, "தோட்டத்துப் பெண்ணுக்குப் பழகிய வேலைதானே" என்று சிரித்ததை எழுதும்போது, அவர் சிங்களவர் என்பதையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதைக் காரணமாக எழுதாதீர்கள்; பேச்சு திசைமாறிவிடும் (இப்படிச் சிரிக்கும் நம்மவர்களையும் கண்டிருக்கிறேன்). ஆனால் நீங்கள் மலையகத் தமிழ்ப் பெண் என்பதை அவசியம் எழுதுங்கள், ஏனெனில் அந்த ஒரே வாக்கியம் இனத்தையும் பாலையும் சேர்த்தே தாக்கியது. அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இரண்டின் பெயராலும் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. அவர் சொன்னதை அவர் பேசிய மொழியிலேயே, திகதியுடன் பதியுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அக்கணக்கில் சேராது.