எப்போதும் சோர்வாக இருக்கிறது. தினமும் ஒரு மல்டிவைட்டமின் மாத்திரை போட்டால் போதுமா? மெடிக்கலில் கேட்டு வாங்கலாமா, ஏமாற்றிவிடுவார்களா?

வயது 34, இரண்டு பிள்ளைகள், சாயங்காலமானால் கை காலைத் தூக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். 'மெடிக்கலில் கேட்டால் லாபம் அதிகமுள்ளதைத் தலையில் கட்டிவிடுவார்கள்' என்ற கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நான் டி.பார்ம் படித்து, பதிவு பெற்று, கோவில்பட்டியில் ஒரு மருந்துக்கடையில் பல வருடங்களாக நிற்கிறவள். நிற்கிறவள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடையில் எனக்கு ஸ்டூல் கிடையாது.

முதலில் நேர் பதில். போதாது. சோர்வுக்குக் காரணம் தெரியாமல் போடும் மல்டிவைட்டமின் பெரும்பாலும் சிறுநீரை மஞ்சளாக்குவதோடு சரி. அதிலுள்ள ரைபோஃப்ளேவின் என்ற பி2 செய்கிற வேலை அது, பயப்பட ஒன்றுமில்லை. 'சத்து மாத்திரை ஒரு அட்டை கொடுங்கள்' என்று கேட்டு வரும் பெண்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, மாதவிலக்கில் எத்தனை நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறதா என்பதுதான். பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். கடையில் ஆண்கள் நின்றால் பதிலே வராது. அதனால் குரலைத் தாழ்த்தி, கல்லாவின் ஓரத்துக்கு வரச் சொல்லிக் கேட்பேன். ஏமாற்றுகிறவளுக்கு இந்த வேலை எதற்கு?

என் நாத்தனார் கதையைச் சொல்கிறேன். அவளிடம் கேட்டு, பெயர் போடாமல் எழுதச் சம்மதம் வாங்கிவிட்டேன். தனியார் பள்ளியில் ஆசிரியை. முப்பத்தொன்பது வயதில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சீவினால் சீப்பு நிறைய முடி. அவள் தெருவில் ஓர் அம்மாள், ஆள் சேர்த்து விற்கும் வகையைச் சேர்ந்த சத்து மாத்திரை விற்கிறார். பெண்களுக்கென்றே தயாரித்தது, நாற்பதுக்கு மேல் சத்துகள், இளஞ்சிவப்பு டப்பா. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து இவளும் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டாள். நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். 'உங்கள் கடையில் இருப்பதெல்லாம் கெமிக்கல் மதினி, இது இயற்கை' என்றாள்.

ஒரு பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் இருந்தோம். அடுப்படியில் பேசிக்கொண்டே அவள் அரிசிப் பானையில் கையை விட்டு, ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மென்றாள். சற்று நேரத்தில் இன்னொரு பிடி. என் மாமியார் வழக்கம்போல, 'அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்பார்கள், இவளுக்குத்தான் கல்யாணம் முடிந்துவிட்டதே' என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரிசி, சாம்பல், திருநீறு, சிலேட்டுக் குச்சி, செங்கல் தூள் என்று எதையாவது மெல்லத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று படித்திருக்கிறேன், கடையிலும் பார்த்திருக்கிறேன். அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளிறிக் கிடந்தது.

அப்புறம் அந்த டப்பாவைக் கொண்டு வரச் சொல்லி லேபிளைப் படித்தேன். மாத்திரையில் இரும்பு பத்து மில்லிகிராம்கூட இல்லை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, மாதவிலக்கு வரும் வயதிலுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. ஆணுக்கு 19 போதும். ஏற்கெனவே குறைந்துவிட்டவளுக்கு அந்த 29உம் பற்றாது. போதாக்குறைக்கு அதே மாத்திரைக்குள் கால்சியமும் துத்தநாகமும். கால்சியம் பக்கத்தில் இருந்தால் இரும்பு குடலில் சரியாக ஏறாது. இத்தனைக்கும் மேலே அவள் அதைக் காலை ஃபில்டர் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தாள். காபி, டீ இரண்டுமே இரும்பைக் கட்டிப் பிடித்து வெளியே அனுப்பிவிடும். நாற்பது சத்து என்று அட்டையில் அச்சடித்தது நாற்பதும் உடம்பில் சேர்ந்ததாக அர்த்தமில்லை.

சண்டை போட்டுத்தான் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 7.4. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 8க்குக் கீழே கடுமையானது. ஃபெரிட்டின், அதாவது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் கணக்கு, அடிமட்டத்தில் இருந்தது. மகப்பேறு மருத்துவர் ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி. மாதாமாதம் ஏழெட்டு நாள் கொட்டித் தீர்த்திருக்கிறது. 'எல்லோருக்கும் இப்படித்தானே இருக்கும்' என்று இவளும் வாயைத் திறக்கவில்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். மருத்துவர் ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை கொடுத்தார். தனியாக இரும்பு மாத்திரையும் எழுதினார். அந்த இரும்பு மாத்திரையின் மாதச் செலவு, இளஞ்சிவப்பு டப்பாவின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதோடு முடிந்ததா? இல்லை. ஒரு வாரத்தில் போன் வந்தது. 'மதினி, கறுப்பாகப் போகிறது, நிறுத்திவிடட்டுமா?' இரும்பு சாப்பிட்டால் மலம் கறுக்கும், அது எதிர்பார்த்ததுதான் என்று சொன்னேன். அடுத்தது மலச்சிக்கல், குமட்டல். பெண்கள் இரும்பு மாத்திரையைக் குப்பையில் போடுவது இந்த இடத்தில்தான். மருத்துவரிடம் திரும்பப் போகச் சொன்னேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்லி மாற்றிக் கொடுத்தார். அது சலுகை இல்லை, அறிவியல். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, ஏறக்குறைய ஒரு நாள் வரை குடலின் கதவைச் சாத்திவைக்கிறது. மறுநாளே போடும் மாத்திரையில் ஏறுவது குறைவு. ஸ்விட்சர்லாந்தில் இரும்புக் குறைவுள்ள பெண்களிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களாக நாள் விட்டுப் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு.

அவள் அரிசி மெல்வது சீக்கிரமே நின்றுவிட்டது. ஹீமோகுளோபின் ஏறச் சில மாதங்கள் ஆயின. ஏறிய பிறகும் சேமிப்பு நிறைய இன்னும் மூன்று மாதம் தொடரச் சொன்னார் மருத்துவர். இதற்கிடையில் அந்தத் தெரு அம்மாள், 'டீச்சர் தெளிந்தது எங்கள் மாத்திரையால்தான்' என்று நாலு பேருக்குச் சொல்லி, அவர்களுக்கும் டப்பா விற்றுவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

'மாத்திரை விற்கிறவள் மாத்திரை வேண்டாம் என்கிறாள், ஏதோ உள்நோக்கம் இருக்கிறது' என்று யாராவது எழுதுவீர்கள். நான் மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. எது குறைவோ அதைப் போடுங்கள் என்கிறேன். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண் ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே தொடங்கத்தான் வேண்டும். கரு உருவான 28 நாளுக்குள், குழந்தையின் மூளையும் தண்டுவடமுமாக வளரும் நரம்புக் குழாய் மூடிவிடுகிறது; அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் வேண்டும். பலருக்கு அதற்குள் நாள் தள்ளியதே உறைத்திருக்காது. 'ஆங்கில மருந்தே விஷம்' என்று வருகிற இயற்கை அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை: சித்த மருத்துவத்தில் ரத்தசோகைக்குக் கொடுக்கும் அன்னபேதி செந்தூரத்தில் உள்ள அன்னபேதி, ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்புதான். எங்கள் கடை அட்டையிலும் அதே பெயரைப் பார்க்கலாம். சாப்பாட்டையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அசைவம் சாப்பிடுகிறவர் என்றால் ஆட்டுச் சுவரொட்டியும் (மண்ணீரல்) ஈரலும் கீரையைவிட எளிதில் ஏறும் இரும்பு. கர்ப்பமாக இருந்தால் மட்டும் ஈரலில் அளவு வேண்டும், வைட்டமின் ஏ அதிகம். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் 7.4இல் இருக்கிறவளை முருங்கைக்கீரைப் பொரியல் மட்டும் தூக்கிவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

கடையில் அன்றாடம் பார்க்கும் இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரை வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு என்று எழுதிக் கொடுப்பார்கள். அதைத் தினமும் போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டியைத் தற்செயலாகப் பிடித்து மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். தண்ணீரில் கரையாத வைட்டமின் அது; உடம்பில் தேங்கி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். முடிக்காகப் பயோட்டின் என்ற பி வைட்டமின் போடுகிறவர்கள் தைராய்டு பரிசோதனைக்குப் போனால் முடிவு தவறாக வரலாம். பரிசோதனைக் கூடத்தில் முன்கூட்டியே சொல்லி, சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடும் அம்மாக்களுக்குக் கால் மரத்தால், 'வயதாகிவிட்டது' என்று விடாமல் பி12 பார்க்கச் சொல்வேன். சுத்த சைவமாக இருந்து பாலும் குடிக்காதவர்களுக்கும் அப்படியே.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். உங்களுக்கு மருந்துக்கடை மேல் நம்பிக்கை போனதற்குக் காரணம் உண்டு, அது எனக்கும் தெரியும். 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆவது பிரிவுப்படி, பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இல்லாமல் மருத்துவர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது. நடப்பது என்ன? சான்றிதழ் ஒருவருடையது சுவரில் தொங்கும், அவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார், மாதாமாதம் வாடகை மட்டும் போகும். கவுண்டரில் நிற்கும் பையனுக்கு அட்டையின் நிறம்தான் தெரியும். என்னிடமே கேட்டார்கள்: 'சும்மா வீட்டில் இருங்கள், சான்றிதழை மட்டும் கொடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்.' நான் கொடுக்கவில்லை. கொடுத்த என் வகுப்புத் தோழர்கள் சிலர் என்னைவிட வசதியாக இருக்கிறார்கள். நான் நின்றுகொண்டு, 'அந்த மெடிக்கல் கடைப் பெண்' என்று பேர் வாங்கிக்கொண்டு, 'நீங்கள் என்ன டாக்டரா, கேட்டதைக் கொடுங்கள்' என்ற பேச்சையும் வாங்கிக்கொள்கிறேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அடுத்த முறை கடைக்குப் போகும்போது சுவரில் தொங்கும் சான்றிதழில் உள்ள படத்தையும் எதிரில் நிற்கும் முகத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் தைரியமாகக் கேளுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்எச், பி12, சர்க்கரை. இவற்றை ஒரு மருத்துவரிடம் சொல்லிப் பாருங்கள். ஹீமோகுளோபின் 12 இருக்கிறதே என்று ஃபெரிட்டினை விட்டுவிடாதீர்கள். சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனையும் இரும்பு மாத்திரையும் இலவசம். அங்கே போகக் கூச்சப்பட ஒன்றுமில்லை. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நீங்கள் தனி ஆள் இல்லை.

தைராய்டு மாத்திரை போடுகிறீர்களா என்று கேள்வியில் இல்லை. போட்டால் அது காலையில் வெறும் வயிற்றில் தனியாக. இரும்போ கால்சியமோ அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி. இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் இரும்பு மாத்திரையை எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்து விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

'எந்த பிராண்ட் நல்லது' என்று கீழே கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். ரத்த அறிக்கையைப் பார்க்காமல் பிராண்ட் சொல்ல, நான் என்ன அந்தத் தெரு அம்மாளா?