ஐந்து வாரம் கழித்துத்தான் ஆலோசகரைப் பார்க்க முடியும் என்றால்

ஐந்து வாரம் காத்திருக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் உங்கள் மகளை நாளைக் காலையே மனநல ஆலோசனைப் பிரிவுக்கு நேரில் போய், முதல் மதிப்பீட்டுக்கு மட்டும் இருபது நிமிடம் தர முடியுமா, யாராவது வராமற்போனால் அந்த நேரம் கிடைக்குமா என்று கேட்கச் சொல்லுங்கள். இணையத்தில் நிரப்பும் பாரத்தில் அவருடைய அவசரம் தெரியாது.

தாமதத்துக்கு ஆள் பற்றாக்குறை காரணமாக இருக்கலாம். 1,000 முதல் 1,500 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகராவது வேண்டும் என்பது ஆலோசனைச் சேவைகளுக்கான அனைத்துலகச் சங்கம் நீண்டகாலமாகச் சொல்லிவந்த அளவுகோல். தேர்வு நெருங்கும்போது இருக்கிற சிலர்மீதே எல்லாப் பாரமும் விழுகிறது. மகளை ஒதுக்கிவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேலாகக் கெட்டிருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். என் மகன் விடுமுறைக்குச் சுங்கை சிப்புட் வந்திருந்தபோது, பிசைந்த சோறு தட்டிலேயே காய்ந்து கிடந்ததைக் கண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. உங்கள் மகளுக்கும் அப்படிக் கெட்டிருந்தால், ஆலோசகர் மருந்து எழுதித் தர முடியாது என்பதால், வளாகத்துக்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்து, மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்க வேண்டும்.

உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று அவர் ஒரு முறை சொன்னாலும் இவை எதுவும் பொருந்தாது. அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் மலேசியச் சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 15555.

1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற ஆலோசகர், மகள் சொன்னதை அவருடைய சம்மதமின்றிப் பொதுவாக உங்களிடம் சொல்லமாட்டார். அதை வற்புறுத்திக் கேட்காதீர்கள்.